ஆடும் பற்களும் அறியாத நீரிழிவும்: படுவான்கரைத் தாய் ஒருவரின் முரசு நோய்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில் உள்ள அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் பல் சிகிச்சைப் பிரிவில், ஒரு வருட காலம் நான் தொடர்ந்து பார்த்த ஒரு தாயைப் பற்றிய குறிப்பு இது. அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன். முரசு (ஈறு) நோய் நம்மிடம் அபூர்வமானதல்ல. இவரைத் தேர்ந்ததற்குக் காரணம், அந்த நோயை வளர்த்துவிடுகிற பழக்கங்கள் அநேகமாக எல்லாமே இவர் ஒருவரிடம் சேர்ந்திருந்தன. இரத்தம் வருகிறதென்று பிரஷ் பண்ணுவதை விட்டார். வீக்கம் வந்தால் பாமசியில் மாத்திரை வாங்கினார். ஆடுகிற பல்லைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார். இதற்கெல்லாம் அடியில் யாரும் பரிசோதித்துப் பார்க்காத சீனி வருத்தமும் இருந்தது.

பின்னணி

அவருக்கு 48 வயது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வீடு. கணவர் வேளாண்மை செய்கிறார், கொஞ்சம் எருமைகளும் உண்டு. பால் காய்ச்சித் தயிர் போடுவதும் சட்டிகளை விற்பதும் இவருடைய வேலை. வைத்தியசாலைக்கு வருவதென்றால் மண்டூர்த் துறையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி, குருமண்வெளியில் இறங்கி, பிறகு பஸ் பிடிக்க வேண்டும். ஒரு தவணைக்கு ஒரு நாள் முழுதாகப் போய்விடும். இந்தக் கதையில் அந்தப் பயணத்துக்கும் பங்கு உண்டு.

முரசில் இரத்தம் வரத் தொடங்கி எட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. முதலில் பிரஷில் சிவப்பு தெரிந்திருக்கிறது. புண்பட்ட இடத்தை உரசக்கூடாது என்று அந்தப் பக்கம் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டார். அப்புறம் பிரஷையே விட்டு உமிக்கரியை விரலால் தேய்த்துக் கொப்பளித்தார். விரல் பல்லின் முகத்தைத் துடைக்கும். நோய் இருக்கும் இடமான பல்லும் முரசும் சேரும் வரம்புக்கும், இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கும் அது போகாது. நான்கு பற்கள் ஒவ்வொன்றாக ஆடித் தாமாகவே விழுந்திருந்தன. வீக்கம் வரும்போதெல்லாம் அமொக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் வாங்கிப் போட்டிருக்கிறார். ஒரு கிழமையில் வீக்கம் வற்றும், சில மாதத்தில் திரும்ப வரும்.

இருபது வயதிலிருந்து புகையிலையோடு வெற்றிலை போடுகிறவர். நாளுக்கு எட்டுப் பத்துத் தடவை இருக்கும்.

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, பங்குனியில், அவரை மகள்தான் கூட்டிவந்தார். மகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. கதிரையில் அமர்ந்தும் தாய் முந்தானையால் வாயை மூடியபடியே பேசினார். தயிர் வாங்க வருகிறவர்களோடும் இப்போதெல்லாம் இப்படித்தான் பேசுவதாக மகள் சொன்னார்.

“முன்பல்லெல்லாம் ஆடுது டொக்டர். எல்லாத்தையும் கழட்டிப் போட்டுக் கட்டுப்பல் வச்சு விடுங்க.”

முதல் நாள் கண்டவை

வாயில் 24 பற்கள் இருந்தன. கீழ்முன்பற்களின் உட்பக்கத்தில் பற்காரை (கல்லாக இறுகிய அழுக்கு) ஒரே கட்டாக, நான்கு பற்களையும் சேர்த்து மூடியிருந்தது. முரசு கருஞ்சிவப்பாக, பளபளப்பாக, வரம்பு தடித்து இருந்தது. வலது மேல் கடைவாய்ப்பல்லருகே விரலால் அழுத்தியதும் சீழ் வந்தது. கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடி ஆகியவற்றையும் பார்த்தேன். வெற்றிலைக் காவி படிந்திருந்ததே தவிர, வெண்படலமோ ஆறாத புண்ணோ இல்லை, வாயும் நன்றாகத் திறந்தது. பாக்குப் போடுகிறவர்களிடம் இதைப் பார்க்காமல் முரசுக்குப் போகக்கூடாது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே முடிவு செய்துவிட்டது.

அடுத்து, ஆழம் அளக்கும் கருவி. நுனியில் சிறு குண்டும் தண்டில் கறுப்புப் பட்டியும் உள்ள மெல்லிய கம்பி அது. நலமான முரசில் 1 முதல் 3 மி.மீ. வரை இறங்கி நிற்கும். 4 மி.மீ. என்றால் பல்லுக்கும் முரசுக்கும் நடுவே பை உண்டாகத் தொடங்கிவிட்டது. இவருடைய கீழ்க்கடைவாய்ப்பல்லின் ஓரத்தில் வைத்ததும் கம்பி தடையே இல்லாமல் இறங்கியது, கறுப்புப் பட்டி முழுதாக மறைந்தது, எடுத்தவுடன் பின்னாலேயே இரத்தம் எழுந்து வழிந்தது. அவருக்கு வலிக்கவில்லை. முரசு நோய் பெரும்பாலும் வலியில்லாமல்தான் எலும்பைக் கரைக்கிறது. இத்தனை வருடம் அவர் வராமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

அளந்த 144 இடங்களில் 31 இடங்களில் ஆழம் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல். முக்கால் பங்கு இடங்களில் இரத்தம் கசிந்தது. வலது மேல் கடைவாய்ப்பல் ஒன்று மேலும் கீழுமாகவே அசைந்தது. இடது கீழ்க்கடைவாய்ப்பல் ஒன்றில் இரண்டு வேர்களுக்கும் நடுவே கருவி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. கீழ்முன்பற்கள் நான்கும் பக்கவாட்டில் 1 மி.மீ.க்குச் சற்று மேல் ஆடின. எக்ஸ்-ரேயில் அந்த முன்பற்களைச் சுற்றிப் பாதி எலும்பு மிச்சம் இருந்தது. பார்த்தபோது பயந்த அளவுக்குப் படம் மோசமில்லை.

இவ்வளவு வீக்கமும் சீழும் பற்காரையால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள் என்று கேட்டேன். மூன்று நான்கு தரம் என்றார். தாகம் இருந்தது. அண்மையில் மெலிந்துமிருந்தார், அறுவடை வேலையால் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். வெளிநோயாளர் பிரிவிலிருந்து கருவியை வாங்கி விரல் நுனியில் குத்திப் பார்த்தோம். 287 மி.கி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்றைக்கு ஒரு பல்லும் கழற்றவில்லை. காய்ச்சல் இல்லை, முகம் வீங்கவில்லை, விழுங்கக் கஷ்டம் இல்லை. அவசரம் இல்லாதபோது, சீனி 287 இல் நிற்கிற ஒருவருக்குப் புண் உண்டாக்கி அது ஆறத் தாமதமாவதைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. முகம் வீங்கியோ காய்ச்சலோடோ வந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். சீழை அன்றே வெளியேற்றியிருப்போம்.

அன்டிபயோட்டிக்கும் கொடுக்கவில்லை. இதில் மகளுக்கு மனக்குறை. கிருமிகள் பல்வேரில் படலமாக ஒட்டி, கல்லாக இறுகிய காரையின் மேல் குடியிருக்கின்றன. மாத்திரை அந்தப் படலத்துக்குள் போதிய அளவு ஊடுருவாது. சுரண்டி எடுக்காமல் மாத்திரை மட்டும் போட்டால், இத்தனை வருடம் நடந்ததுதான் திரும்ப நடக்கும்.

எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்ற கோரிக்கைதான் கடினமானது. அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆடுகிற பல்லால் சாப்பிட முடியவில்லை, வாய் மணக்கிறது, தவணை தவணையாக வாவி கடந்து வருவதை விட ஒரேயடியாக முடிப்பது லேசு. ஆனால் 48 வயதில் எல்லாப் பற்களையும் எடுத்தால் தாடையெலும்பு வருடா வருடம் தேயும், கீழ்க்கட்டுப்பல் நிலைகொள்ளாது. காப்பாற்றக்கூடிய பல்லே அதிகம். ஆகவே காப்பாற்ற வழியில்லாத இரண்டை மட்டும் எடுப்பது, மற்றதைச் சுத்தம் செய்து மூன்று மாதத்தில் திரும்ப அளப்பது, அப்போதும் அவர் கேட்டால் பேசுவது என்று ஒத்துக்கொண்டோம். நோயை மூன்றாம் நிலை என்று பதிந்தேன். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 7 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் வேகமாக முன்னேறும் சி தரத்தில் சேர்க்க வேண்டும். அந்த முடிவு வந்தபோது 9.8.

சீனி கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்ததும் முகம் மாறிவிட்டது. அவருடைய தாய்க்குச் சீனியால் கால்விரல் எடுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்கவே அவருக்குப் பயம். முரசையும் சீனியையும் ஒன்றாகச் சொன்ன பிறகுதான் மனம் வைத்தார். சீனி கூடினால் கிருமியோடு போராடும் உடலின் ஆற்றல் குலைந்து முரசு வேகமாகக் கரைகிறது. முரசு அழன்று கிடந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. முரசுக்கு நல்ல சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவு குறைவதை ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. சிறிய எண்தான். ஆனால் பல் சிகிச்சையிலிருந்து அவ்வளவு கிடைப்பது லேசான விஷயமில்லை.

அவர் விடவில்லை. “என்ட மாமியும் வெத்திலை போட்டவதானே. பிரஷைக் கண்ணாலயும் காணல்ல. எண்பது வயசு வரைக்கும் பல்லு இருந்திச்சே?”

நல்ல கேள்வி. அதற்குப் பதில் நமது நாட்டிலேயே இருக்கிறது. நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோவின் குழு 1970 முதல் 15 வருடங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தொழிலாளரைத் தொடர்ந்து பரிசோதித்து, 1986 இல் முடிவுகளை வெளியிட்டது. பிரஷ் பண்ணும் வழக்கமோ பல் சிகிச்சையோ இல்லாதவர்கள் அவர்கள். அவர்களில் 8 சதவீதத்தினருக்கு நோய் மிக வேகமாகப் பற்களைப் பறித்தது. 81 சதவீதத்தினருக்கு மெல்ல மெல்ல முன்னேறியது. 11 சதவீதத்தினருக்கு முரசு அழற்சியைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. மாமி அந்தப் பதினொன்றில் ஒருவராக இருந்திருக்கலாம். யார் எந்தக் கூட்டத்தில் பிறந்தவர் என்பது வாயைப் பார்த்த மாத்திரத்தில் தெரியாது, இவர் அந்தப் பதினொன்றில் இல்லை என்பது மட்டும் அளவில் தெரிந்துவிட்டது என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, செய்யுங்க” என்றார்.

சிகிச்சை நடந்த விதம்

பல் தீட்டக் காட்டிக் கொடுப்பதற்கே முதல் தவணையின் பாதி நேரம் போனது. கீழ்ப்பல்லின் ஓரத்திலிருந்து படலத்தைச் சுரண்டி, துணியில் வைத்து அவர் கையில் கொடுத்தேன். விரலால் நசித்துப் பார்த்தார். “சட்டியை ஒழுங்காக் கழுவாட்டி அடியில பிடிக்கிற ஏடு மாதிரி” என்று அவரே சொன்னார். பழைய ஏடு ஒட்டிய சட்டியில் ஊற்றிய புதுப்பால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டிய ஆள் அவர். அதற்குமேல் நான் விளக்கவில்லை. மென்மையான பிரஷை முரசின் வரம்பில் சாய்த்து வைத்து, பெலமாகத் தேய்க்காமல் சிறு அசைவாக, இரத்தம் வரும் இடத்தில் கூடுதல் கவனமாகத் தீட்டச் சொன்னேன். இரத்தம் வருவது அங்கே அழுக்கு இருக்கிறது என்பதற்கான அறிகுறி. சுத்தம் செய்யச் செய்யத்தான் நிற்கும். இதை மகளையும் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

அகன்ற இடைவெளிகளுக்கு நூல் போதாது. வேரின் குழிவுகளில் அது படியாது. புட்டிப் பிரஷைச் சிறிதாக்கியது போன்ற இடைப்பல் பிரஷ் வேண்டும். ஊர்க் கடையில் அது இல்லை. மகள் மட்டக்களப்பு டவுனில் தேடி வாங்கினார். கழுவி, மயிர் தேயும் வரை பாவிக்கலாம் என்று சொன்னேன், விலை அவர்களுக்கு ஒரு பாரம்தான்.

சீனி கிளினிக்கில் மெட்போர்மின் தொடங்கினார்கள். இரண்டு கிழமை கழித்து முரசுக்கு மேலே தெரிந்த காரை முழுவதையும் எடுத்தோம். அதற்கடுத்த கிழமை அவர் தவணைக்கு முன்பே வந்துவிட்டார், முகத்தில் கோபம். பல் நீண்டுவிட்டது, இடையில் ஓட்டை தெரிகிறது, குளிர்ந்த தண்ணீர் கூசுகிறது, கழுவினதால்தான் ஆடுகிறது என்று அயலில் சொல்கிறார்கள். கண்ணாடியைக் கொடுத்து, எடுத்த காரைத் துண்டுகளின் படத்தையும் காட்டினேன். அந்த இடைவெளிகளை இத்தனை நாள் அடைத்திருந்தது காரையும் வீக்கமும். வீக்கம் வற்றியதும் எலும்பு ஏற்கெனவே இறங்கிய இடம் வெளியே தெரிகிறது. கூச்சத்துக்குப் புளோரைட் பற்பசையை விரலால் தடவி, வாய் கொப்பளிக்காமல் விடச் சொன்னேன். சில கிழமையில் கூச்சம் அடங்கியது. பல் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதை இந்த ஒரு நாள் காட்டிவிடும். அந்தக் கோபத்தோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

சித்திரைக் கடைசியில் வெறும் வயிற்றுச் சீனி 148 இற்கு இறங்கியிருந்தது. விறைக்க ஊசி போட்டு வலது பக்கப் பைகளைச் சுத்தம் செய்தோம், வேரின் மேல் இருந்த காரையை அடிவரை எடுத்தோம். மேல் கடைவாய்ப்பல்லையும் அன்றே கழற்றினோம். குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதக் கரைசலால் இரண்டு கிழமை, காலையும் இரவும் ஒரு நிமிடம், பற்பசை பாவித்து அரை மணித்தியாலம் கழித்துக் கொப்பளிக்கச் சொன்னேன். அதற்குமேல் நீடித்தால் பல்லில் கறை பிடிக்கும்.

இடது பக்கத்துக்கு வைகாசியில் தவணை கொடுத்திருந்தேன். வரவில்லை. கண்ணகி அம்மன் சடங்கு, அதன் நிறைவான குளிர்த்தி முடியும் வரை ஊரை விட்டு வரமாட்டார்கள். ஆனி நடுவில் வந்தார், இடது பக்கமும் முடிந்தது. கீழ்க்கடைவாய்ப்பல்லும் போனது. கீழ்முன்பற்களை உட்பக்கமாக மெல்லிய கம்பியால் சேர்த்து ஒட்டினோம். கம்பி நோயைக் குணமாக்காது. கடிக்கும்போது ஆடாமல் இருந்தால் சாப்பிடலாம், அவ்வளவுதான்.

மகள்

கூட வந்தவரைப் பார்க்காமல் விட்டிருந்தால் இந்த வீட்டில் பாதி வேலைதான் நடந்திருக்கும். மகளுக்கும் பிரஷ் பண்ணும்போது இரத்தம். கர்ப்பவதிகளைப் பல் பரிசோதனைக்கு அனுப்புவது நமது தாய் சேய் சேவையில் வழமை. குடும்பநல உத்தியோகத்தர் சொல்லியும் இவர் போகவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பல்லில் கை வைத்தால் ஆகாது என்று தாயே தடுத்திருக்கிறார்.

கர்ப்ப காலத்தில் ஓமோன் மாற்றத்தால், கொஞ்ச அழுக்குக்கும் முரசு கூடுதலாக வீங்கும். அழுக்கு இல்லாவிட்டால் ஓமோன் மட்டும் ஒன்றும் செய்யாது. இவருக்கு வீக்கத்தால் சில இடங்களில் 4 மி.மீ. இருந்தது. வேரோடு முரசின் பிடிப்பு இழந்திருக்கவில்லை. ஐந்தாம் மாதம் சுத்தம் செய்வதற்குப் பாதுகாப்பான காலம். ஒரே தவணையில் முடித்தோம். மூன்று கிழமையில் வந்தபோது இரத்தம் அநேகமாக நின்றிருந்தது.

அதே லோவின் குழு 1965 இல் டென்மார்க்கில் ஒரு சோதனையை வெளியிட்டது. நலமான முரசுள்ளவர்கள் பல் தீட்டுவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் அழற்சி வந்தது. திரும்பத் தீட்டத் தொடங்கியதும் ஒரு கிழமை அளவில் முரசு பழைய நிலைக்கு வந்தது. மகள் நின்றது அந்தக் கட்டத்தில். தாயும் எட்டு வருடத்துக்கு முன் அங்கேதான் நின்றிருப்பார். ஒருவருக்கு எல்லாம் திரும்பிவிட்டது. மற்றவருக்கு எலும்பு திரும்பாது, இருப்பதைக் காக்கலாம்.

விளைவு

ஆவணிக் கடைசியில், மண்டூர் முருகன் கோயில் தீர்த்தம் முடிந்த பிறகு, தாய் பேரப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தார். மிச்சமிருந்த 22 பற்களில் 132 இடங்களைத் திரும்ப அளந்தேன். 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமான இடங்கள் 5. இரத்தம் கசிந்தவை ஐந்தில் ஒரு பங்கு. சீழ் எங்கும் இல்லை. எச்பிஏ1சி 7.4. அதில் பெரும்பங்கு மாத்திரைக்கும் சோற்றைக் குறைத்ததற்கும் உரியது. எல்லாப் பல்லையும் கழற்றும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

மார்கழி மழையில் வாவி பெருகி, பாதை ஓடாத நாட்களில் ஒரு தவணை தப்பியது. ஒட்டிய கம்பி ஒரு பல்லில் விட்டிருக்கிறது, அவரால் வர முடியவில்லை. தையில் வந்தபோது அந்த முன்பல் மேலும் கீழுமாக அசைந்தது, எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது 21 பற்கள். எடுத்த இடங்களுக்குக் கழற்றிப் பூட்டும் சிறிய கட்டுப்பல் செய்து கொடுத்திருக்கிறோம். இறைச்சியும் கச்சானும் சாப்பிட முடிகிறது.

புகையிலையை விட்டுவிட்டார். வெற்றிலை பாக்கை விடவில்லை. பின்னேரம் ஒரு தடவை என்று குறைத்திருக்கிறார். பாக்கிலேயே பழக்கப்படுத்தும் பொருள் இருக்கிறது, இருபத்தெட்டு வருடப் பழக்கம் ஒரு வருடத்தில் முழுதாகப் போகவில்லை. இது எனக்குத் திருப்தியான முடிவல்ல. ஒவ்வொரு தவணையிலும் கன்னத்தையும் நாக்கையும் பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஒரு தரம் பேசாமல் அனுப்புவதில்லை.

இனி மாற்றுபவை

சீனி பார்க்கும் கருவி இப்போது பல் கதிரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பல இடங்களில் ஆழமான பையோ, திரும்பத் திரும்பச் சீழோ இருந்தால், நோயாளி எந்தக் கிளினிக்கில் பதிந்தவராக இருந்தாலும் முதல் நாளே குத்திப் பார்க்கிறோம். மறுபக்கமும் இது நடக்க வேண்டும். சீனி கிளினிக்கில் கால் பார்க்கிறார்கள், கண்ணுக்கு அனுப்புகிறார்கள். முரசில் இரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா என்ற இரண்டு கேள்விகளையும் அங்கே சேர்க்கக் கேட்டிருக்கிறோம். கிளினிக் தாதியர் அதை ஏற்றுக்கொண்டு அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள்.

காரை எடுத்த பின் பல் நீளமாகத் தெரியும், கூசும், இடைவெளி வரும் என்பதை இப்போது சிகிச்சைக்கு முன்பே கண்ணாடி பிடித்துக் காட்டி, வீட்டில் வாசிக்க ஒரு தாளிலும் எழுதிக் கொடுக்கிறேன். வாசிக்கிறவர் பெரும்பாலும் மகளோ மகனோதான். அதனால் அவர்களுக்கும் புரியும்படி எழுதியிருக்கிறது.

படுவான்கரையிலிருந்து வருகிறவர்களுக்குத் தவணைத் திகதியை நாட்காட்டியை மட்டும் பார்த்து எழுதுவதில்லை. விதைப்பு எப்போது, வெட்டு எப்போது, அவர்கள் ஊர்ச் சடங்கு எப்போது என்று கேட்டுவிட்டே எழுதுகிறோம். முரசு நோய்க்காரருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பராமரிப்பு வேண்டும். மழைக்கு முன், ஐப்பசியிலேயே, கம்பி போட்டவர்களை ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிடுவது என்றும் தீர்மானித்திருக்கிறோம்.

இந்தத் தாயின் அடுத்த தவணை ஆனியில், சடங்கு முடிந்த கிழமை. கணவரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, அவரும் அதே வட்டாவில் வெற்றிலை எடுக்கிறவர்.